நேரில் சோதித்துப் பார்த்தேன்

ஜூன் 2, திங்கள்

பிரஷர் 138/88. தினமும் குறித்து வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பூங்கொடி ஒரு டைரியை எடுத்து மேசையில் வைத்து, "வெறும் நம்பர மட்டும் எழுதாதீங்க, அன்னிக்கு யாரு மேல கோவப்பட்டீங்கன்னும் சேத்து எழுதுங்க. அப்பத்தான் டாக்டருக்குப் புரியும்" என்றாள். என் மனைவிக்கு வாய் கொஞ்சம் அதிகம். இருந்தாலும் சொன்னதில் நியாயம் இருப்பதால் எழுதுகிறேன்.

இன்று கோபப்பட்டது ஜெசிந்தா மீது.

எங்கள் கம்பெனி, கோழிக்குஞ்சு பொரிக்கும் மெஷின்களுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்கிறது. அந்தப் பெட்டிக்குள் ஓடும் நிரல் மொழி நான் உண்டாக்கியது. ஹேச்சரிக்காரர்கள் தாங்களே படித்துப் பார்க்கட்டும் என்று முழுக்கத் தமிழ்ச் சொற்களிலேயே செய்தேன். அடைகாப்பதை நினைத்து 'அடை' என்று பெயர் வைத்தேன். பதினாறு வருடம் ஆகியும் கேன்டீனில் சட்னி எங்கே என்று கேட்கிற கூட்டம் திருந்தவில்லை.

அடையில் 'வெப்பம் குறைவு எனில் ஹீட்டர் போடு' என்று எழுதினால் போதும், பெட்டி செய்யும். குறைவாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை அதன் கீழே 'இல்லையேல்' என்று போட்டுச் சொல்லலாம். சொல்லாமலும் விடலாம். எழுதுகிறவர் இஷ்டம். இத்தனை வருடமாக இப்படித்தான் ஓடுகிறது, ஒரு குஞ்சும் வந்து புகார் சொல்லவில்லை.

மெஷின் சர்வீசுக்குப் போய்வரும் இந்த ஜெசிந்தா சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது. இனிமேல் 'இல்லையேல்' இல்லாத எந்த 'எனில்' வரியையும் மொழி ஏற்கக்கூடாது என்று ஒரு முன்மொழிவு எழுதி எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாள். வெப்பம் பார்க்கும் ஒயர் அறுந்துபோனால் பெட்டிக்குச் சூடு குறைவா அதிகமா என்றே தெரியாதாம். குறைந்தால் போடு என்ற வரியும் பொருந்தாது, கூடினால் நிறுத்து என்ற வரியும் பொருந்தாது, ஹீட்டர் எரிந்தபடியே கிடந்து முட்டை வெந்துபோகுமாம். ஆகவே 'இரண்டும் இல்லை என்றால் என்ன' என்பதைக் கட்டாயம் எழுத வைக்க வேண்டுமாம்.

அதோடு விட்டாளா? மாற்றத்தைச் செய்தே கொடுத்திருக்கிறாள். எழுதாமல் விட்டால் திரையில் இப்படி வருமாம்: 'இப்படி இல்லாவிட்டால் என்ன செய்வது? சொல்லாமல் போகாதீர்கள்.' பள்ளிக்கூட டீச்சர்தான் பிரம்போடு நிற்கவில்லை.

சம்பத்குமார் சார், எங்கள் முதலாளி, மதிப்பீடு செய்யும் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார். "உங்க மொழிங்க திருமூர்த்தி. நீங்களே ஓட்டிப் பாத்துட்டு ஒரு ரிப்போர்ட் குடுங்க" என்றார்.

ஜூன் 4, புதன்

பிரஷர் 140/90. சமையல் கேஸ் தீர்ந்துபோய்க் காலை டிபன் ஹோட்டலில் வாங்கினேன். பொங்கலில் நெய்யும் இல்லை, மிளகும் இல்லை.

அறிக்கையை முடித்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். முதல் வரி நன்றாக அமைந்தது: 'இந்த மாற்றத்தை நம்மிடமுள்ள எல்லா நிரல்கள் மீதும் ஓட்டி நேரில் சோதித்துப் பார்த்தேன்.' பாதிக்கு மேல் நிரல்கள் நின்றுபோகும், வாடிக்கையாளர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள், பயன் என்று ஒன்றும் தென்படவில்லை என்று விளக்கி எழுதினேன். அந்தத் திரை வாசகத்தைப் பற்றியும் ஒரு குத்து வைத்தேன். கூட வேலை பார்க்கும் குரியன் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தானாம்.

ஓட்டிப் பார்க்க என்ன இருக்கிறது? நான் பெற்ற பிள்ளை, எங்கே கிள்ளினால் அழும் என்று எனக்குத் தெரியாதா?

ஜூன் 6, வெள்ளி

கூட்டம் நடந்தது. ஜெசிந்தா வாதாடுவாள் என்று நினைத்து நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை இல்லை.

"நான் நம்ம சர்வீஸ்ல உள்ள கொஞ்ச மெஷினுக்குத்தான் ஓட்டிப் பாத்தேன் சார். அதுல ஒண்ணும் நிக்கல. ஆனா திருமூர்த்தி சாரே எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுதாங்கன்னா அதுதான் சரியா இருக்கும். நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன். எல்லாருக்கும் நேரத்த வீணாக்கிட்டேன், மன்னிச்சிருங்க" என்றாள். தூத்துக்குடிப் பெண். கோயம்புத்தூருக்கு வந்தும் அந்த இழுப்பு போகவில்லை.

"அனுபவம்னா சும்மாவா?" என்று முதலாளி என் முதுகில் தட்டினார். யாரோ மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார்கள். மதியம் சாப்பாடு இறங்கவில்லை. கத்தரிக்காய் காறல்.

பிரஷர் பார்க்க மறந்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

ஜெசிந்தா என் மேசைக்கு வந்தாள்.

"சார், எதெது நின்னுபோச்சுன்னு மட்டும் அனுப்பிவிடுதீங்களா? நான் எங்க தப்பு பண்ணேன்னு உக்காந்து பாக்கணும். சும்மா தெரிஞ்சுக்கிடத்தான்."

"அதுக்கென்னம்மா, நாளைக்கு அனுப்பறேன்" என்றேன்.

கெட்ட எண்ணத்தில் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உண்மையாகவே கற்றுக்கொள்ளத்தான் கேட்கிறாள்.

ஜூன் 10, செவ்வாய்

நாளைக்கு என்று சொல்லியாகிவிட்டது. அதனால் ஓட்டினேன். காபி எடுத்துவந்து, நின்றுபோகும் நிரல்கள் குவியலாகக் கொட்டப்போகின்றன என்று வசதியாக உட்கார்ந்தேன்.

கொட்டவில்லை. சல்லடையில் நொய் விழுந்த மாதிரி ஒரு கைப்பிடிதான் விழுந்தது. மற்ற எல்லா நிரல்களிலும் இல்லையேல் ஏற்கெனவே இருக்கிறது. பின்னால் வந்த பிள்ளைகள் யாரும் கட்டாயப்படுத்தாமலேயே ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள். விழுந்ததெல்லாம் ஆரம்ப காலத்தவை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் நான் எழுதியவை.

ஒவ்வொன்றிலும் அவள் சொன்ன ஓட்டை அப்படியே இருக்கிறது. குறைந்தால் போடு, கூடினால் நிறுத்தி மணி அடி. அவ்வளவுதான். இரண்டும் இல்லை என்றால் என்ன என்று எங்கேயும் இல்லை. ஒயர் அறுந்தால் ஹீட்டர் எரிந்தபடியே கிடக்கும். இத்தனை வருடம் ஒன்றும் ஆகாதது என் கெட்டிக்காரத்தனம் அல்ல, ஒயர்கள் நல்ல ஒயர்கள்.

வெட்கமாக இருக்கிறது. எனக்கு மட்டும் தெரிந்த வெட்கம், அதுவரை சரி.

ஜூன் 11, புதன்

கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்ததில் அந்த விவரம் போய்விட்டது என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். "அய்யோ சார், உங்க மத்த வேலையெல்லாம் பத்திரமா இருக்கா?" என்று பதறிப்போய்க் கேட்டாள்.

ஜூன் 14, சனி

எனக்கு ஒரு வழி தோன்றியது. இப்போது போய் அறிக்கை பொய் என்று சொன்னால் மானம் கப்பலேறிவிடும். அதற்குப் பதில் அந்தப் பழைய மெஷின்களுக்கு நானே நேரில் போய் இல்லையேல் எழுதி வைத்துவிட்டால் ஓட்டை அடைந்துவிடும். ஓட்டை அடைந்த பிறகு விதி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? யாருக்கும் நஷ்டமில்லை.

இன்று சூலூர்ப் பக்கம் முடித்தேன். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொன்னேன். "எத்தன பெரிய ஆளு, கூப்படாமயே தானா வந்து பாக்கறாரு" என்று ஒருவர் தன் மகனிடம் சொன்னார். எளநீர் வெட்டிக் கொடுத்தார். குடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பூங்கொடி சனிக்கிழமையில் எங்கே போனீர்கள் என்றாள். சர்வீஸ் என்றேன். "சர்வீசுக்கு அந்தப் புள்ள ஜெசிந்தா இருக்குதில்லீங்க?" என்றாள். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

ஜூன் 18, புதன்

அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காரமடை சாவித்திரியம்மா ஹேச்சரிக்குப் போனேன். மீதி இருப்பவை இரண்டுதான்: இதுவும், பல்லடத்துக்குப் பக்கத்தில் என் மச்சினன் தண்டபாணியுடையதும்.

இந்த இரண்டிலும் மட்டும் கதவில் ஒரு ஸ்விட்ச் வைத்திருந்தேன். முட்டைத் தட்டு எடுக்கக் கதவைத் திறந்தால் ஹீட்டர் எரியக்கூடாது என்பதற்காக. ஆகவே நிரலில் எனிலுக்குள் எனில். வெளியே, வெப்பம் குறைவா என்பது. அதற்குள்ளே, கதவு மூடியிருக்கிறதா என்பது. இரண்டும் சரி என்றால் ஹீட்டர் போடு. இன்று அதற்கெல்லாம் கீழே, வெப்பம் குறைவாக இல்லாவிட்டால் ஹீட்டரை நிறுத்து என்று ஓர் இல்லையேல் சேர்த்தேன். அது வந்த பிறகு, சூடு கூடினால் நிறுத்தி மணி அடி என்ற பழைய வரிக்கு என்ன வேலை? எடுத்துவிட்டேன். நினைத்த நேரத்தில் அடித்து உயிரை வாங்கும் மணியும் அதோடு ஒழிந்தது. மொத்தம் நாலே வரியில் சிக்கென்று முடிந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மெஷினைக் கழுவிக் காயவைத்திருந்ததால் ஓட்டிப் பார்க்க முடியவில்லை. அடுத்த வாரம்தான் முட்டை ஏற்றுவார்களாம்.

பிரஷர் 146/92.

ஜூன் 21, சனி

தண்டபாணி ஹேச்சரி முடிந்தது. இதோடு எல்லாம் முடிந்தது.

பூங்கொடியையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவும் தம்பியும் உள்ளே உட்கார்ந்து உறவில் யார் யார் யாரோடு பேசுவதில்லை என்று அலசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மெஷின் ரூமுக்குப் போய், காரமடையில் எழுதிய அதே நாலு வரியை இதிலும் ஏற்றினேன். இந்த முறை ஓட்டியும் பார்த்தேன். கதவைத் திறந்தேன், ஹீட்டர் நின்றது. மூடினேன், எரிந்தது. பரம திருப்தி.

தண்டபாணி பின்னால் வந்து நின்றான். "என்னங்க மாமா, வந்த எடத்துலயும் பெட்டிய நோண்டறீங்க? போன மாசந்தான் அந்த ஜெசிந்தா புள்ள வந்து அக்கு அக்கா கழட்டிப் பாத்துட்டுப் போச்சுங்க."

"பழகின கை, சும்மா இருக்காது மாப்ள" என்றேன்.

மெஷின் நிறைய முட்டை. இன்னும் ஒரு வாரத்தில் பொரிந்துவிடுமாம். நாட்டுக்கோழிக் குழம்பு பிரமாதம். பல நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். பிரஷர் 132/84. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

விடிவதற்குள் தண்டபாணி போன் செய்தான். "மாமா, உடனே வாங்க" என்றான், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வாசலிலேயே தெரிந்துவிட்டது. வேகவைத்த முட்டை வாசனை. நம் வீட்டுச் சமையலறையில் தினமும் வருகிற அதே வாசனைதான். அங்கே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே போனேன். தண்டபாணி மெஷினைத் திறந்துபோட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு முட்டையை உடைத்து வைத்திருந்தான். உள்ளே முழுக் குஞ்சு. இறகுகூட வந்திருந்தது.

"மணியே அடிக்கலீங்க மாமா. மணி அடிச்சிருந்தா ஓடி வந்திருப்பனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

லேப்டாப்பை மாட்டி என் நாலு வரியைப் பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்தது. எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? இல்லையேல் என்பது தனக்கு மேலே மிக அருகில் இருக்கிற எனிலோடு சேர்ந்துகொள்ளும். அந்த விதியை வகுத்தவனே நான். வெப்பத்துக்கு என்று நான் எழுதியதைப் பெட்டி கதவுக்கு என்று எடுத்துக்கொண்டது. கதவைத் திறந்தால் ஹீட்டர் நிற்கும். நேற்று நின்றது அதனால்தான். சூடு ஏறிவிட்டால் நிறுத்து என்று சொல்ல உள்ளே ஒரு வரிகூட இல்லை. இருந்த வரியையும் மணியையும் நானே அழித்திருந்தேன். ஜெசிந்தாவின் மாற்றம் இருந்திருந்தால் இந்த நாலு வரியை ஏற்றவே விட்டிருக்காது. வெளியே உள்ள எனிலுக்கு இல்லையேல் எங்கே என்று கேட்டிருக்கும்.

இனிமேலும் ஆபத்து வேண்டாம் என்பதற்காகப் பழைய நிரலைத் திரும்ப ஏற்றினேன். அதற்காக மட்டும்தான்.

தண்டபாணி பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முட்டாள் இல்லை. "மாமா, நேத்து நீங்க பெட்டியத் தொட்டது கம்பெனிக்குத் தெரிய வேண்டாங்க. கடைசியா வந்தது அந்தப் புள்ளதான? அதும்மேலயே போகட்டும். நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு" என்றான்.

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

தண்டபாணி புகார் கொடுத்ததும் ஜெசிந்தாவைப் பல்லடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிரஷர் மெஷினில் பேட்டரி இல்லை. (பூங்கொடி சாயங்காலம் புது பேட்டரி போட்டுவிட்டாள். இருந்தாலும் பார்க்கவில்லை.)

ஜூன் 24, செவ்வாய்

அவள் நேராக என் மேசைக்குத்தான் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"சார், வெப்பம் பாக்குற ஒயரு சொருகுற எடத்துல லேசா ஆடுது. அதுதான் விட்டு விட்டுப் போயிருக்கணும். பெட்டில பாத்தா பழைய நிரல்தான் இருக்கு, குறைஞ்சா போடு, கூடினா நிறுத்து. நடுவுல ஒண்ணும் இல்ல. நான் பயந்தது அப்படியே நடந்திருக்கு சார்."

நான் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நான் வாபஸ் வாங்கியிருக்கக் கூடாது சார். உங்க ரிப்போர்ட் வந்த அன்னைக்கே, பரவாயில்ல, இந்தப் பழைய மெஷினுக்கு மட்டுமாவது செய்வோம்னு கேட்டிருக்கணும். பயந்துட்டேன். போன மாசம் போனப்ப அந்த ஒயர இழுத்தும் பாத்திருக்கணும். ரெண்டும் என் தப்புதான்." தோளில் இருந்த பையை இறக்கி வைத்தாள். "ஆளு பத்தல சார் அங்க. தட்டு தட்டா நானும் சேந்துதான் அள்ளிக் குழில போட்டேன்."

"விடும்மா, யாருக்கும் நடக்கறதுதான்" என்றேன்.

இதைச் சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. பெருந்தன்மையாக வேறு சொன்னேன். அவள், "தேங்க்ஸ் சார்" என்றாள்.

வியாழக்கிழமை விசாரணைக் கூட்டம்.

ஜூன் 25, புதன்

காலையில் தோசை வைத்துவிட்டுப் பூங்கொடி எதிரில் உட்கார்ந்தாள். வழக்கமாக நிற்பாள்.

"தம்பி போன் பண்ணியிருந்தான். எல்லாஞ் சொல்லிட்டான்."

நான் தோசையைப் பார்த்தேன்.

"அவன் உங்களக் காப்பாத்தறதா நெனச்சுட்டுப் பொய் சொல்லிட்டுத் திரியறான். பெரிய தியாகம் பண்றாப்ல பேசறான். எனக்குக் கேக்கக் கேக்கக் கூசுதுங்க." சட்னியை என் பக்கம் நகர்த்தினாள். "பொங்கலுக்கு அந்தப் புள்ள நம்மூட்டுல சாப்ட்டுட்டு, வேண்டாம் வேண்டாம்னாலும் கேக்காம எல்லாப் பாத்திரத்தையும் வெளக்கி வெச்சுட்டுப் போச்சு. நாளைக்கு மறுக்கா வந்தா எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் சோறு போடறது? சொல்லுங்க."

"யோசிக்கறேன்" என்றேன்.

"யோசிக்கறதுக்கு இதுல என்னங்க இருக்குது?" என்று எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. கோபத்தில் பேசாமல் இருந்தால் சமாளித்துவிடலாம். அவள் என்னை நினைத்துக் கூசிப்போய்ப் பேசாமல் இருந்தாள்.

பிரஷர் 158/98.

ஜூன் 26, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கூட்டத்தில் ஜெசிந்தா எழுந்து, முந்தாநாள் என்னிடம் சொன்னதையே எல்லார் முன்னாலும் சொன்னாள். தன் தப்பு என்றாள். முதலாளி சங்கடத்தோடு, "நல்ல புள்ளதாம்மா நீ. ஆனா கஸ்டமர் கேக்கறாங்கல்ல? கொஞ்ச நாளைக்கு வெளிய போக வேண்டாம், ஸ்டோர்ஸ்ல உக்காரு" என்றார். அவள் தலையாட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி.

நான் எழுந்து பலகைக்குப் போனேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மார்க்கரை எடுத்து அந்த நாலு வரியையும் எழுதினேன்.

"இந்த இல்லையேல் எதோடது?" என்று கேட்டேன்.

"வெளிய இருக்கற வெப்பத்தோடது" என்றான் குரியன். எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

ஜெசிந்தா மட்டும் மெதுவாக, "இல்ல, கதவோடது. பக்கத்துல உள்ளதோடதான் சேரும், சாரோட விதி அப்படி" என்றாள். பிறகு பலகையை உற்றுப் பார்த்தாள். "சூடு கூடினா நிறுத்தச் சொல்லி இதுல ஒண்ணுமே இல்லையே சார். இது... தண்டபாணி சார் மெஷினா?"

"ஆமாம்மா. சனிக்கிழமை நான் போய் எழுதினேன். ஞாயித்துக்கிழமை நானே அழிச்சேன். ஒயர்ல ஒரு கோளாறும் இல்ல." முதலாளி பக்கம் திரும்பினேன். "அந்த ரிப்போர்ட்டும் பொய்ங்க சார். நான் ஓட்டிப் பாக்கவே இல்ல. அப்புறமா ஓட்டினேன், அந்தப் புள்ள சொன்னது அத்தனையும் சரி. வெளிய தெரியக்கூடாதுன்னு ஒவ்வொரு மெஷினா நானே திருட்டுத்தனமாப் போய்த் திருத்திட்டிருந்தேன்."

"ஏனுங்க திருமூர்த்தி..." என்றார் முதலாளி.

ஜெசிந்தா கத்துவாள், அழுவாள், எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தேன். ஏதாவது ஒன்றைச் செய்தால் தேவலை போலிருந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பலகையையே பார்த்துக்கொண்டு, "சார், கதவு ஸ்விட்ச் வேற எந்த மெஷின்ல இருக்கு?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரமடை. அதே நாலு வரி. இந்த வாரம் முட்டை ஏற்றுவதாகச் சொன்ன சாவித்திரியம்மா.

நாலு நாளாக என் மானத்தைப் பற்றி, என் பெயரைப் பற்றி, மச்சினனைப் பற்றி, பூங்கொடியின் முகத்தைப் பற்றியெல்லாம் நினைத்து நினைத்து உருகியிருக்கிறேன். காரமடை ஒரு தடவைகூட நினைப்பில் வரவில்லை. அவளுக்கு விஷயம் தெரிந்த அடுத்த நிமிடம் வந்துவிட்டது. இதை எழுதும்போதும் முகம் எரிகிறது.

போன் அடித்தோம். எடுக்கவில்லை. மெஷின் ரூமுக்குள் போனால் அந்த அம்மாவுக்குப் போன் கேட்காது. ஜெசிந்தா கம்பெனிக் காரின் சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்க சார்" என்றாள்.

அவள்தான் ஓட்டினாள். நான் விடாமல் போன் அடித்துக்கொண்டே வந்தேன். துடியலூர் தாண்டியதும், "ஜெசிந்தா, நான் உனக்குச் செஞ்சது..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அப்புறம் சார். முதல்ல முட்டையப் பாப்போம்" என்றாள்.

நாங்கள் உள்ளே ஓடியபோது கடைசித் தட்டு ஏறிக்கொண்டிருந்தது. சாவித்திரியம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "ஏனுங்க, சொல்லாமக் கொள்ளாம ரெண்டு பேருமா? இப்பத்தான் ஸ்விட்சப் போடலாம்னு போனேன்" என்றார்கள். நான் அந்த ஸ்விட்ச் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

ஜெசிந்தா லேப்டாப்பைப் பெட்டியில் மாட்டி, தன்னுடைய மாற்றத்தை அதில் ஏற்றினாள். பிறகு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "நீங்களே எழுதுங்க சார்."

முதலில் அங்கே இருந்த என் நாலு வரியை ஓட்டினேன். ஏற்கவில்லை. திரையில் வந்தது. சாவித்திரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார்கள்: "இப்படி இல்லாவிட்டால் என்ன செய்வது? சொல்லாமல் போகாதீர்கள்." வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். "ஏனுங்க, உங்க பெட்டியே உங்களக் கேள்வி கேக்குது?"

"ஆமாங்கம்மா. முன்னாடியே கேக்க விட்டிருக்கணும்" என்றேன். நான் கேலி செய்த வாசகம். ஹேச்சரிக்கார அம்மாவுக்கு ஒரே வாசிப்பில் புரிகிறது.

கதவுக்கு ஓர் இல்லையேல், வெப்பத்துக்கு ஓர் இல்லையேல், மணிக்கு மறுபடியும் ஒரு வரி. இந்த முறை ஏற்றுக்கொண்டது. மெஷினைப் போட்டுவிட்டு மூன்று பேரும் பெட்டி முன்னால் நின்றோம். சூடு ஏறி ஏறி, வேண்டிய அளவுக்கு வந்ததும் ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைந்தது. ஜெசிந்தா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

திரும்பி வரும் வழியில் மறுபடியும் மன்னிப்பு கேட்டேன்.

"அது எனக்குத் தோணும்போது பாத்துக்கிடுதேன் சார். இப்ப தோணல" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க முதல்ல அந்த ரிப்போர்ட்டத் திருத்தி அனுப்புங்க. எல்லாருக்கும்."

ஜூன் 27, வெள்ளி

பிரஷர் 150/94. மாத்திரையை மாற்றச் சொல்லி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஜெசிந்தாவின் விதியை ஏற்றாகிவிட்டது. இனி அடை மொழியை அவள்தான் பார்த்துக்கொள்வாள். என் விஷயத்தைத் திங்கட்கிழமை பேசலாம் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். முன்பெல்லாம் அவரே என் மேசைக்கு வருவார்.

தண்டபாணிக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன். "நான் மறைக்கப் பாத்தா நீங்களே போய்த் தலையக் குடுத்துட்டீங்களேங்க மாமா" என்று கோபப்பட்டான். முட்டைக்கும் சேர்த்துத் திட்டினான். கேட்டுக்கொண்டேன். பூங்கொடி மதியச் சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்தாள். பேசினாள் என்று சொல்ல முடியாது. டப்பாவை வைத்துவிட்டு, "மூடி லூசா இருக்குது, பாத்து எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

காலை முழுக்க உட்கார்ந்து அறிக்கையைத் திருத்தினேன். முதல் வரி: 'ஜூன் 4 அறிக்கையில் நேரில் சோதித்துப் பார்த்தேன் என்று எழுதியிருந்தேன். பார்க்கவில்லை.' எல்லாருக்கும் அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் பதில் போடவில்லை. குரியன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் ஜெசிந்தாவிடமிருந்து பதில் வந்தது. 'கிடைத்தது சார். பாதிக்கு மேல் நிரல்கள் நின்றுபோகும் என்ற வரி இரண்டாம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதையும் எடுத்துவிடுங்கள்.'

திறந்து பார்த்தேன். இருந்தது. எடுத்துவிட்டு மறுபடியும் எல்லாருக்கும் அனுப்பினேன்.